மின்சாரம் யாருடையது? ஊர் வரை வந்த கம்பியும் காலனி வரை வராத கம்பியும்

2008 ஏப்ரலில் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தைப் பற்றி ஒரு நாளிதழில் செய்தி வந்தது. ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே பல ஆண்டுகளாக ஒரு நீண்ட சுவர் நின்றிருந்தது. அதை யாரும் ஏறிக் கடந்துவிடக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் சுவரின் மேல் இரும்புக் கம்பி வைத்து, அதில் மின்சாரமும் பாய்ச்சியிருந்தார்கள். செய்தி வெளியானதும் பிரச்சினை சட்டமன்றத்துக்குப் போனது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மே 6ஆம் தேதி சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. அந்தக் கம்பியில் ஓடியது அரசு வாரியத்தின் மின்சாரம். அரசுடைமை என்பதால் அது சாதியைக் கண்டு ஓடாமல் நின்றுவிடவில்லை. ஆனால் அரசின் மின்சாரமாக இருந்ததால்தான் அதைச் சட்டமன்றத்தில் கேட்க முடிந்தது, ஒரு அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வந்தது, கம்பி உயிரிழந்தது.

மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற விவாதம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் நட்டக் கணக்கு காட்டுகிறார்கள். மறு பக்கம் மக்கள் சொத்து என்று முழங்குகிறார்கள். இரண்டு பக்கத்திலும் சேரியின் கணக்கு இல்லை. அரசுடைமையின் பொற்காலம் என்று எதையும் நாம் நினைத்து ஏங்க முடியாது. நமக்கு அப்படி ஒரு காலம் இருக்கவில்லை. ஆனாலும் தனியாருடைமையை எதிர்க்கிறோம். ஏன் என்பதை வரலாற்றிலிருந்துதான் சொல்ல முடியும்.

தங்கவயலுக்கு வந்த மின்சாரம்

1902 ஜூனில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. மின்நிலையத்தைக் கட்டியது மைசூர் சமஸ்தான அரசு. வாங்கியவை ஜான் டெய்லர் நிர்வாகத்தின் கீழிருந்த ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனிகள். பெங்களூரின் தெருக்களுக்கு விளக்கு வந்ததே 1905இல்தான். அரசு போட்ட முதலீட்டில் உண்டான மின்சாரம் முதலில் எரிந்தது தனியார் இலாபத்துக்காக.

அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து பண்ணையடிமைத்தனத்தை விட்டு வெளியேறிய நம் முன்னோர்களே பெரும்பாலோர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் அங்கே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது தற்செயல் அல்ல. கிராமத்தில் கிடைக்காத மூச்சு அங்கே கொஞ்சம் கிடைத்தது. ஆனால் மின்சாரம் இழுத்துச் சென்ற இயந்திரங்களின் கீழே உயிரைக் கொடுத்தவர்களின் தட்டிக் குடிசைகளை மனதில் வைத்து அந்தக் கம்பி இழுக்கப்படவில்லை.

நம் வரலாற்றின் முதல் பாடம் இது. மின்நிலையம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்த மின்சாரம் யாருக்காக என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டது என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

உரிமக் கம்பெனிகளின் காலம்

சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது. பிறகு மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி பேசின் பாலத்தில் மின்நிலையம் வைத்து நகரத்துக்கு மின்சாரம் விற்றது. இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு அடிப்படையாக இருந்தது 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம். ஒரு எல்லையைக் குறித்து உரிமம் கொடுப்பார்கள். அந்த எல்லைக்குள் கம்பெனி கம்பி இழுக்கும். ஒரு தெருவுக்குப் புதிதாகக் கம்பி வேண்டுமானால், அந்தத் தெருவில் சொத்தோ குடியிருப்போ உள்ளவர்கள் சேர்ந்து, இத்தனை ஆண்டு இவ்வளவு மின்சாரம் வாங்குவோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். கம்பெனி போட்ட பணம் திரும்பும் என்று தெரிந்தால்தான் கம்பி நகரும்.

கம்பெனியின் கணக்கில் இது தவறே இல்லை. ஆனால் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் எந்தச் சொத்தைக் காட்டி உறுதி கொடுப்பார்? அந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல் கிடையாது, தேவையும் இல்லை. வீட்டுமனையே இல்லாதவர்களை விலக்கி வைக்க, சொத்துள்ளவர் என்று எழுதினால் போதும்.

இதே காலத்தில் சென்னை மாகாண அரசு நீர்மின்சாரத்தில் தானே இறங்கியது. நீலகிரியில் பைகாரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்சாரம் தரத் தொடங்கின. பைகாரா மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் மின்மோட்டார்கள் இறங்கின. தயாரிப்பது அரசு. பல ஊர்களில் அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றது தனியார் உரிமக் கம்பெனி. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியா முழுவதும் மின்சாரம் எட்டியிருந்த கிராமங்கள் சுமார் 1,500 மட்டுமே.

1943இல் அண்ணல் கேட்ட கேள்வி

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் பாபாசாகேப் அம்பேத்கர். தொழிலாளர் துறை என்றதும் நம்மில் பலருக்கு எட்டு மணி நேர வேலையும் மகப்பேறு உதவியும் நினைவுக்கு வரும். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அதே துறையின் கீழ்தான் இருந்தன என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்வதில்லை.

1943 அக்டோபர் 25 அன்று புதுடெல்லியில், போருக்குப் பிந்தைய மின்சார வளர்ச்சி குறித்த கொள்கைக் குழுவின் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கினார். மின்சாரம் தனியார் உடைமையாக இருக்க வேண்டுமா, அரசின் உடைமையாக இருக்க வேண்டுமா? அரசுடையது என்றால் மத்திய அரசுக்கா, மாகாணத்துக்கா? மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்க எது வழி? இவற்றைத்தான் அன்று குழுவின் முன் வைத்தார். இன்று டெல்லியிலும் சென்னையிலும் பேசிக்கொண்டிருப்பது எண்பது ஆண்டுக்கு முன் ஒரு தலித் அமைச்சர் வைத்த கேள்வியைத்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. மின்சாரம் எதற்கு என்றும் கேட்டார். மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில்மயமாக்கல் இல்லை. தொழில்மயமாக்கல் இல்லாமல் இந்த மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீள முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். இது திடீரென்று வந்த எண்ணமும் அல்ல. இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி 1918இல் எழுதிய கட்டுரையிலேயே, நிலத்தின் மேல் தேவைக்கு அதிகமானவர்கள் தொங்கிக்கொண்டிருப்பதுதான் நோய், தொழில் வளர்ச்சிதான் மருந்து என்று வாதிட்டிருந்தார். கிராமத்தைப் போற்றியவர்களோடு அவர் வாழ்நாள் முழுதும் முரண்பட்டதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நிலம் இல்லாதவனுக்குக் கிராமம் என்றால் பண்ணையார் வீட்டு வாசல். மின்சாரம் ஆலையை இயக்கும். ஆலை வேலை தரும். வேலை ஊரை விட்டு வெளியேறும் வழி தரும். அவருக்கு மின்சாரம் சாதி ஒழிப்பின் பொருளாதாரத்தில் ஒரு பகுதி.

அவர் காலத்தில்தான் 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் உருவானது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கான அடிப்படைப் பேச்சுகளும் அவர் தலைமையில் நடந்தன. பட்டியல் சாதிகள் கூட்டமைப்புக்காக அவர் எழுதி 1947இல் வெளிவந்த ‘மாகாணங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கை, மூலாதாரத் தொழில்களை அரசே வைத்து நடத்த வேண்டும் என்று கேட்டது. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. இந்த ஏற்பாடு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், அன்றன்றைக்கு வரும் பெரும்பான்மை விருப்பப்படி மாற்றிவிட முடியாதபடி இருக்க வேண்டும் என்றார். அரசின் கையை விலக்கினால் சுதந்திரம் வந்துவிடும் என்பவர்களுக்கு, அந்த இடத்தில் வந்து உட்காருவது தனியார் முதலாளியின் அதிகாரம்தான் என்று சுட்டிக்காட்டினார்.

அரசியல் நிர்ணய சபை அதை ஏற்கவில்லை. அதனால்தான் இன்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும் என்ற நிலையில் நிற்கிறோம்.

வாரியம் பிறந்த கதை

1948இல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. மாநில மின்வாரியங்களுக்கு வழி திறந்தது. மின்சாரம் எட்டாத இடங்களுக்குக் கொண்டுபோவது வாரியத்தின் கடமை என்று எழுதப்பட்டது. ஆனால் அது முழுமையான நாட்டுடைமை அல்ல. இருக்கும் தனியார் கம்பெனிகள் தொடரலாம்; அவர்களுக்கு நியாயமான இலாபத்துக்கும் சட்டத்தின் அட்டவணையே வழி வைத்தது.

சென்னை மாகாணம் வேகமாக நகர்ந்தது. நகரத்துக்கு மின்சாரம் விற்ற கம்பெனியை 1947லேயே அரசு வாங்கிவிட்டது. மற்ற கம்பெனிகளை எடுத்துக்கொள்ள 1949இல் சட்டம் இயற்றியது. கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ராஜமுந்திரி மின்சாரக் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி ஒரு சட்டம் இயற்ற அன்றைய சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1954இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு மாகாண அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. எஞ்சிய கம்பெனிகளையும் எடுத்துக்கொள்ள 1973 வரை சட்டம் தேவைப்பட்டது.

இந்தப் போராட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. காமராசர் காலத்திலும் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கம்பி ஓடிய வேகத்தை எந்தக் கம்பெனியும் காட்டியிருக்காது. ஆனால் கம்பி எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் வந்த கிராமம் எது?

1997 வரை இந்திய அரசின் கணக்கில் மின்வசதி பெற்ற கிராமத்துக்கு ஒரு இலக்கணம் இருந்தது. வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். வயலில் ஒரு பம்ப்செட் ஓடினால் அந்தக் கிராமம் முழுதும் ஒளி பெற்றுவிட்டதாகக் கணக்கு. 1997இல் மக்கள் குடியிருக்கும் பகுதியில் மின்சாரம் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அப்போதும் குடியிருப்பு என்றால் ஊர்தான்.

2004இல்தான் புதிய இலக்கணம் வந்தது. டிரான்ஸ்பார்மரும் கம்பிகளும் குடியிருப்புப் பகுதியில் இருக்க வேண்டும். தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் வர வேண்டும். குறைந்தது 10 சதவீத வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும். இந்த வரியை நிதானமாகப் படியுங்கள். சட்டம் தீண்டாமையை ஒழித்து ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்துத்தான், சேரிக்கு மின்சாரம் வராமல் கிராமத்துக்கு வந்துவிட்டது என்று எழுதக் கூடாது என்பதை அரசு தன் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதுவரை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டாம்.

எண்களும் அதையே சொல்கின்றன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மின்விளக்கு உள்ள வீடுகள் சுமார் 56 சதவீதம். பட்டியல் சாதியினர் வீடுகளில் அது 44 சதவீதம். பழங்குடியினர் வீடுகளில் 36 சதவீதம். பத்தாண்டு கழித்து 2011இல் 67, 59, 52 என்று உயர்ந்தது. ஏறியது உண்மை. இடைவெளி மறையவில்லை என்பதும் உண்மை. எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் கொடுத்துவிட்டோம் என்று எண்பதுகளிலிருந்தே பெருமை பேசிய தமிழ்நாட்டிலும் 2001இல் மின்விளக்கு எரிந்த வீடுகள் 78 சதவீதம்தான். மிச்சம் இருந்தவர்கள் யார் என்று காலனியில் பிறந்தவர்களிடம் கேட்க வேண்டியதில்லை.

சேரி கடைசியில் நின்றதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. அறுபதுகளின் பஞ்சத்துக்குப் பின் உணவு உற்பத்திதான் நாட்டின் முதல் கவலை. 1969இல் கிராம மின்மயக் கழகம் அமைக்கப்பட்டது. பம்ப்செட்டுகளே கிராம மின்மயத்தின் அளவுகோல் ஆயின. பம்ப்செட்டுக்குக் கிணறு வேண்டும். கிணற்றுக்கு நிலம் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் பரப்பு நாட்டின் மொத்தத்தில் 9 சதவீதத்துக்கும் குறைவு. நம் மக்கள்தொகையோ 16 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்பது தனிக் கதை.

எழுபதுகளில் கோவை வட்டாரத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை மடை மாற்றிய கூலித் தொழிலாளியின் வீட்டில் அன்று இருந்தது குடிசைக்கு ஒரு விளக்கு என்று தந்த ஒற்றைப் பல்பு, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். மோட்டார் வைத்திருப்பவர் உழவர். மண்வெட்டி பிடிப்பவர் உழவர் இல்லை என்று வாரியத்தின் புத்தகமும் ஏற்றுக்கொண்டது.

குடிசைக்கு இணைப்பு வாங்கப் போனால் பட்டா எங்கே, வீட்டு வரி ரசீது எங்கே என்று கேட்பார்கள். புறம்போக்கில் குடியிருப்பவரிடம் இரண்டும் இருக்காது. 1910ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட அதே சொத்துச் சான்றை அரசு வாரியமும் கேட்டது. கம்பெனி போய்விட்டது; கம்பெனியின் கேள்வி போகவில்லை.

மின்சாரம் தயாரிக்கும் இடத்திலும் கணக்கு இப்படித்தான். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் சாம்பல் படிந்தபோது, அரசு நிலையத்தின் சாம்பல் என்பதால் அங்குள்ள மீனவர்களுக்கும் தலித்துகளுக்கும் நுரையீரலில் வேறு மாதிரி இறங்கவில்லை.

ஆனாலும் ஏன் அரசுடைமை?

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் அரசுடைமைக்கு நிற்கிறோம் என்று கேட்பார்கள். 2004இல் அந்த இலக்கணத்தை மாற்ற முடிந்தது என்பதே முதல் பதில். மாற்ற வைத்தவர்கள் நாம், நம் இயக்கங்கள், நம் வாக்கு. தலித் குடியிருப்பையும் சேர்த்துக் கணக்குக் காட்டு என்று ஒரு அரசிடம் சொல்ல முடியும். ஒரு கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் நமக்கு நாற்காலி இல்லை.

இரண்டாவது, வேலை. வாரியம் அரசுடையதாக இருந்ததால் இடஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதில் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 சதவீதம். சேரிப் பையன் லைன்மேன் ஆனான், உதவிப் பொறியாளர் ஆனான், பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்தான். ஊர்த் தெருவில் செருப்போடு நடக்க விடாத ஊரில், அதே தெருவின் கம்பத்தில் ஏறி நின்று மின்சாரத்தை நிறுத்தவும் விடவும் அதிகாரம் உள்ளவனாக நம் ஆள் நின்றான். இதன் மதிப்பை எந்தத் தணிக்கை அறிக்கையும் கணக்கிடாது. கம்பத்தில் ஏறுபவர்களில் பலர் இன்னும் ஒப்பந்தக் கூலிகளாகவே இருக்கிறார்கள், அடிபட்டுச் சாகிறார்கள் என்பதும் உண்மை. 2021இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேங்மேன்களாகப் பணியில் சேர்க்கப்பட்டதே நீண்ட போராட்டத்தின் விளைவு.

மூன்றாவது, மின்சாரம் நம் வீட்டுக்குள் கொண்டுவந்த மரியாதை. 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து நடத்திய அழிவில் நொறுக்கப்பட்டவற்றில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் மின்விசிறிகளும் இருந்தன. ஏன் அவற்றைத் தேடித் தேடி உடைத்தார்கள்? சேரியில் மின்விசிறி சுழல்வதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. எதை உடைக்கிறார்கள் என்று பார்த்தால், எது நம்மை நிமிர்த்தியது என்று தெரியும். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானது. காலனி வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் இரவில் படிப்பது அந்த நூறு யூனிட்டில்தான்.

தனியார் வந்த இடங்களில்

1991க்குப் பிறகு காற்று மாறியது. 1947இல் அரசு வாங்கிய கம்பெனி இருந்த அதே பேசின் பாலத்தில், தொண்ணூறுகளின் இறுதியில் ஜி.எம்.ஆர். வாசவி என்ற தனியார் நிறுவனம் 200 மெகாவாட் டீசல் மின்நிலையம் வைத்து வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. பதினைந்து ஆண்டு ஒப்பந்தம். வட்டம் முழுமையானது. வாரியத்தின் நட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், இலவச மின்சாரத்தைச் சொல்வார்கள், நூறு யூனிட்டைச் சொல்வார்கள். தனியாரிடம் அதிக விலைக்கு வாங்கிய மின்சாரத்தைச் சொல்ல மாட்டார்கள். அந்த விலையும் சேர்ந்துதான் வாரியத்தின் கடனை இந்த அளவுக்கு ஏற்றியது.

ஒடிசாவைப் பாருங்கள். 1999இல் மின்விநியோகத்தை நான்காகப் பிரித்துத் தனியாருக்குக் கொடுத்த முதல் மாநிலம். மத்தியப் பகுதியை எடுத்தது ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம். அது பொறுப்பேற்றுச் சில வாரங்களில், அக்டோபர் 29 அன்று சூறாவளி அடித்தது. கம்பிகள், கம்பங்கள் எல்லாம் போயின. 2001இல் அந்த நிறுவனம் விலகிப் போய்விட்டது. மற்ற மூன்றையும் வைத்திருந்த ரிலையன்ஸின் உரிமத்தை 2015இல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. இப்போது டாடா வந்திருக்கிறது. இருபது ஆண்டில் முதலாளிகள் மாறினார்கள், மக்கள் அதே கம்பியின் கீழ்தான் நின்றார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் டெல்டாவை அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த மின்ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். காலனிகளுக்கு வெளிச்சம் தாமதமாகத்தான் வந்தது என்ற நம் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. ஆனால் வாரியம் கடையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. போகவும் முடியாது. தாமதமாக வந்தவனோடு சண்டை போடலாம். ஓடிப் போனவனோடு எப்படிப் போடுவது?

டெல்லியைக் காட்டுவார்கள். 2002இல் தனியார்மயமான பிறகு அங்கே மின்இழப்பு பாதியிலிருந்து பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே விநியோக நிறுவனங்கள் மக்களிடமிருந்து இன்னும் வசூலிக்க வேண்டியதாகக் காட்டும் பாக்கி பல ஆயிரம் கோடி. தகவல் உரிமைச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றப் படியேறியவர்களும் அவர்கள்தான். எந்தத் தெருவுக்கு எத்தனை டிரான்ஸ்பார்மர் என்று கேட்கும் உரிமை இல்லாத இடத்தில், காலனிக்கு ஏன் இல்லை என்று எப்படிக் கேட்பது?

2020 மே மாதம் ஒன்றிய அரசு யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்பதாக அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் டெண்டர் விடப்பட்டதும் நம் பக்கத்துப் புதுச்சேரியில் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சண்டிகரில் எதிர்ப்பை மீறி 2025 பிப்ரவரி 1 அன்று ஒப்படைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2010இல் வாரியத்தைப் பிரித்தார்கள். 2024இல் மறுபடி பிரித்தார்கள். துண்டு போட்ட பொருளை விற்பது எளிது. முன்கட்டண ஸ்மார்ட் மீட்டரும் வருகிறது. நாள்கூலி வாங்கும் வீட்டில் காசு தீர்ந்தால் விளக்கும் தீரும். கவுண்டரில் போய் இரண்டு நாள் தவணை கேட்க ஆளே இருக்காது.

நம் கோரிக்கை

எனவே நம் நிலை இது. மின்விநியோகம் பொதுவுடைமையாகவே இருக்க வேண்டும். ஆனால் இப்போது இருப்பது போல இருக்கக் கூடாது. மின்இணைப்பு, மின்தடை, டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் கணக்கை ஊர் தனியாக, காலனி தனியாக வெளியிட வேண்டும். பட்டா இல்லை என்று யாருக்கும் இணைப்பு மறுக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். பின்னடைவுப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். கையுறையும் கயிறும் இல்லாமல் ஒருவரையும் கம்பத்தில் ஏற்றக் கூடாது. வாரியத்தைக் காப்போம் என்று மேடை போடும் தொழிற்சங்கத் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளையும் அதே மேடையில் வாசிக்க வேண்டும். அப்போதுதான் சேரி அந்தப் போராட்டத்துக்கு முழு மனதோடு வரும்.

உத்தப்புரம் சுவரில் மின்சாரம் பாய்ந்தபோது நாம் யாரிடம் போனோம் என்பதை நினைத்துப் பாருங்கள். நாளை அந்தக் கம்பியும் மீட்டரும் ஒரு கம்பெனியின் சொத்து. வாடிக்கையாளர் தன் இணைப்பில் என்ன செய்கிறார் என்பது எங்கள் வேலை அல்ல, பில் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று அது பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்கும் நாள் வரக் கூடாது என்பதற்காகத்தான், நமக்குத் துரோகமும் செய்த இந்த வாரியத்துக்காக நாம் நிற்கிறோம்.